இன்னொரு தடவை

"தாளத்துக்கு முன்னால ஏன்டா ஓடுற? அது வரட்டும். வந்ததும் ஏறிக்க," என்று முத்துப்பிரியா பொத்தானை அழுத்திக்கொண்டு சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் தம்பி அழகுராஜா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். காலை எட்டு மணியிலிருந்து பல்லவியை மட்டும் பதினாலு தடவை பாடியிருந்தான்.

போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் அவள் நடத்திவந்த சின்ன ஸ்டுடியோ அது. கீழே காய் சலிக்கும் மெஷினை மதியம்வரை ஓட்டவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு வைத்திருந்தாள். சென்னையிலிருந்து ஒரு புது இசையமைப்பாளர் படத்துக்கான மெட்டை அனுப்பியிருந்தார். இன்றைக்குள் குரல் போய்ச் சேராவிட்டால் வேறு ஆள் பாடிவிடுவான்.

அழகுராஜா மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். எஸ்டேட் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது அவன் பாடினால், தூங்கி விழுகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். மைக்கைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருசத்துக்கு முன் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில், தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவன் நேரே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவனைப் பழக்கியது முத்துப்பிரியாதான். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னாள். உள்ளே விளக்கை அணைத்தாள். பதியும்போது எரிந்து அவனை மிரட்டிய சிவப்பு லைட்டின்மேல் துணியைப் போட்டு மூடினாள். வளைவு வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை மிதிக்கமாட்டாயே, மூச்சையும் அப்படி முன்னாலேயே விட்டுவிடாதே என்று அவன் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னாள். எல்லாவற்றையும்விடப் பலித்தது ஒரு பொய். 'ஒத்திகைதான், பதியல' என்று சொல்லிவிட்டுப் பதிவது. அது பொய்யென்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே நம்பினான்.

இன்று அதுவும் எடுபடவில்லை. அப்பா ராக்கையா தேனி ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று நாளாகிறது. ராசிங்காபுரத்துத் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நேற்று பேச்சு தெளிந்திருந்தது. பிள்ளைகள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்தது.

"நான் எங்கிட்டும் போயிறமாட்டேன். போயி அவங்கவங்க சோலியப் பாருங்க."

மகன் பாடுவதைப் பற்றி அதுவரை நல்லதும் சொல்லாதவர், கெட்டதும் சொல்லாதவர். கிளம்பும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவையும் ஓடி வந்துறாத" என்றார்.

பத்தரை மணிக்குமேல்தான் குரல் இளகியது. முதல் சரணம் வந்தது. இரண்டாவது சரணத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தபோது மேசைமேல் போன் சத்தமில்லாமல் மின்னியது. சின்ராசு சித்தப்பா. முத்துப்பிரியா எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆத்தா, அண்ணன் போயிருச்சு. பத்து நிமிசமாச்சு. தம்பியக் கூட்டிக்கிட்டு வெரசா வா."

"ம்" என்றாள். கண்ணாடிக்கு உள்ளே அவன் சரணத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா போன்ல?"

"கரண்ட் ஆபீசு. ரெண்டு மணிக்கு நிப்பாட்டுவாங்களாம்."

அது எப்படித் தன் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசிச் சரணம் மட்டும்தான் பாக்கி, இதுவும் ஒத்திகைதான் என்றாள். அவன் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தான்.

பாடினான். அழுகை முட்டிக்கொண்டு வரும் என்று அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. அவள் காது வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரியில் ஒரு சொல் மூச்சில் அமுங்கியது அதற்குக் கேட்டுவிட்டது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

"கடைசிச் சொல்லு அமுங்கிருச்சுடா. இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் பாடினான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் எழுந்து உள்ளே போய் ஹெட்போனைத் தன் கையாலேயே அவன் காதிலிருந்து எடுத்தாள். பாடும்போது அவள் உள்ளே வந்ததே கிடையாது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து இருட்டில் செருப்பைத் தேடினான். வெகுநேரம் தேடினான்.

ஜீப்பை அவனே ஓட்டினான். அப்பாவை நேரே ராசிங்காபுரத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று சித்தப்பா மறுபடி போன் செய்து சொல்லியிருந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும்தான் அழகுராஜா வாயைத் திறந்தான்.

"எப்ப போன் வந்துச்சு?"

"ரெண்டாவது சரணம் பாடுறப்ப."

வண்டி அதே வேகத்தில் போனது.

"அதுக்கப்புறம் ரெண்டு தடவ பாடவிட்ட."

"ஆமா."

அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை. வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மாயக்காள் இருவர் கழுத்தையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அழுதபோதுகூட அவன் தோள் அக்காமேல் படாமல் விலகியே இருந்தது. முத்துப்பிரியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெண்களோடு உட்காருவாள், எழுந்து கொல்லைக்குப் போவாள், தண்ணீர்ப் பானையை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவாள். உயிர் போகும்போது பக்கத்தில் யார் இருந்தது என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அம்மாதான் என்று அவளே பதில் சொன்னாள். ஸ்டுடியோவிலிருந்து கிளம்புமுன் ஏற்றிக்கொண்ட பாட்டு, இரண்டு பதிவுமாக, அவள் போனுக்குள் இருந்தது. 'குரல் வந்துவிடுமா?' என்று சென்னையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். முந்தானைக்குள் வைத்துப் படித்தாள். அனுப்பலாமா என்று அவனிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் எப்படி அனுப்புவது?

நாலு மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள். தெருமுனைவரை போன பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். கழுவிய இடத்தையே அவள் மறுபடி கழுவினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆண்கள் வந்தார்கள். அழகுராஜா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்து, வாசலில் ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்துவிட்டு நின்றான். மொட்டையில் அவன் முகம் வேறு யாருடையதோபோல் இருந்தது. முத்துப்பிரியா செம்பில் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே கேட்டான்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

செம்பைக் கீழே வைத்தான்.

"ரெண்டு தடவையில எது நல்லா வந்துச்சு?"

"ரெண்டாவது."

சித்தப்பா யாரையோ பந்தல் பெஞ்சுகளை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். அழகுராஜா வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தான்.

"மொதத் தடவ பாடுனத அனுப்பு."

அதில் ஒரு சொல் அமுங்கியிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி இருந்த மேட்டில் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். பாட்டு பாதிவரை போனது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கீழே அவர்கள் வாசலில் டியூப்லைட் எரிந்தது. அழகுராஜா படியில் உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் அம்மா. சிரைத்தபோது பிடரியில் ஒட்டிக்கொண்ட மயிர்த்துணுக்குகளைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.