புளியோதரை இல்லாத கட்டுசாதக் கூடை

1.

இது கதையாக வந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: நீண்ட சாலைப் பயணத்துக்கு ஏற்ற, உடம்புக்கு நல்ல, லேசான உணவுகள். நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்கு இது தெரியும் என்று நினைத்தார்கள். தெரியும். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். எழுதத்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

இப்படி ஆரம்பித்தேன்:

பயணத்தின்போது எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏனெனில் கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம்—

அதோடு நின்றுவிட்டது. எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்த ஒரு கூடை போன மாதம் எங்கள் வீட்டிலிருந்து தஞ்சாவூருக்குப் போனது. அது நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2.

எங்கள் வீடு மலையாளத்துக் கரமனையில். கல்யாணம் என் அக்காவுக்கு. இந்தக் கதைக்காக அவள் பெயரை ஸ்நேகா என்று மாற்றுகிறேன். மாற்றியது தெரிந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். எதற்கும் கோபித்துக்கொள்ளாதவளைக் கதையில் வைத்துச் சமாளிப்பது கடினம். மாப்பிள்ளை அபிஜித். அவர் அப்பா பஞ்சாபகேசன், அம்மா தர்மசம்வர்த்தினி. எல்லோருக்கும் தர்மா மாமி.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்து பிள்ளை வீட்டார் ஊர் திரும்பும்போது, வழியில் சாப்பிடப் பெண் வீட்டார் ஒரு கூடை கட்டிக் கொடுக்க வேண்டும். கட்டுசாதக் கூடை. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தயிர்சாதம் கட்டாயம். எங்கள் ஊரிலிருந்து போகிற கூடை என்றால் நேந்திரங்காய் வறுவலும், அதையே வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை உப்பேரியும் சொல்லாமலே எதிர்பார்க்கப்படும். சீர் பட்சணம் தனி. அது டின்னோடு ஊர் போய்த்தான் பிரியும். வழிக்கு இந்தக் கூடைதான்.

[பெண்ணோடு யாராவது துணைக்குப் போவார்களே என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். பெண்ணைப் பிள்ளை வீட்டுக்குள் அழைக்கிற கிருகப்பிரவேசத்தைச் சத்திரத்திலேயே முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் அவரவர் ஆபீஸ். வேனில் எங்கள் பக்கத்து ஆள் அவள் ஒருத்திதான். அவளையும் அப்போது எங்கள் பக்கம் என்று சொல்லக்கூடாது.]

3.

கூடையை இப்போதெல்லாம் சமையல்காரரே கட்டித் தந்துவிடுகிறார். அம்மா அதை மட்டும் தன் கையால் செய்வதாகச் சொல்லிவிட்டாள். காரணம் எனக்குத் தெரியும். அக்காவுக்கு வண்டிப் பயணம் ஆகாது. பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போன நாளிலிருந்தே அப்படி. யாரிடமும் சொல்ல மாட்டாள். ஜன்னலோர இடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

"அவர்கிட்ட சொல்லியாச்சா?" என்று நான் கேட்டதற்கு, "எல்லாத்தையும் முதல் வாரமே சொல்லிடணுமா?" என்றாள்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ படிச்சவளாச்சே. வழியில அவளுக்கு வயத்தைப் பெரட்டாம இருக்க என்ன குடுக்கலாம்?"

"எண்ணெய் வேண்டாம்மா. புளி வேண்டாம். வாசனை தூக்கலா எதுவும் வேண்டாம். வெறும் வயத்தோடயும் இருக்கப்படாது. உலர்ந்ததா, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடணும்."

"பொரி?"

"பொரி நல்லது. இஞ்சியும் நல்லது. தனியா ஒரு பொட்டலம் கட்டி அவ கையில குடுத்துடேன்."

"நன்னாருக்கு! உங்க வேன்ல என் பொண்ணைப் பட்டினி போட்டுடுவேள்னு அவா மூஞ்சிக்கு நேரா சொல்றாப்பலயாக்கும் அது."

"பின்னே என்ன பண்ணுவே?"

அம்மா உருளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எல்லாருக்கும் அதையே கட்டிடறேன்."

அந்த உருளியில்தான் புளிக்காய்ச்சல் கிண்டுவாள். அது அன்று அடுப்பேறவில்லை.

கூடையில் போனவை: எண்ணெய் தடவாத குட்டி இட்லி, பொடி தனியாக. அவித்த ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம். வறுத்த கடலை கலந்த பொரி. வெள்ளரிக்காய், ஆரஞ்சு. நாரத்தங்காய். சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர், பிளாஸ்கில். கடைசியாகத் தயிர்சாதம். ஆனால் அது அப்போது தயிர்சாதம் இல்லை. குழைந்த சாதத்தில் இளஞ்சூட்டில் பால் ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். வேன் ஓடுகிறபோது உள்ளே அது பாட்டுக்கு உறையும். வேனிலேயே அதிகம் வேலை செய்தவை அந்தப் பாக்டீரியாக்கள்தான். [மலருக்கான கட்டுரையில் இது நல்ல வரி. இங்கே எடுத்துவிடலாமா? இருக்கட்டும்.]

4.

வேன் தெருமுனையில் நின்றது. பஞ்சாபகேசன் மாமா கூடையைத் தானே வாங்கிக்கொண்டார். கையில் எடைபார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"மாமி, சிப்ஸ் எந்தப் பாத்திரம்? அடியில ஒளிச்சு வெச்சிருக்கேளா?"

"இல்லை… வழிக்கு லேசா இருக்கட்டுமேன்னு…"

"லேசாத்தான் இருக்கு. தூக்கினப்பவே தெரிஞ்சுதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா மோசமான மனிதர் இல்லை. மூன்று நாளும் பந்தியில் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர். "மலையாளத்துல பொண்ணெடுத்துட்டு சிப்ஸ் இல்லாமத் திரும்பற மொத ஆள் நானாத்தான் இருப்பேன்" என்று மகனிடம் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். ஸ்நேகா மட்டும் தரையைப் பார்த்தாள்.

அப்பா சத்தமில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழவங்காடி வறுவல் கடைக்குப் போனார். திரும்பியபோது அவர் கையில் சுடச்சுட இரண்டு பொட்டலம் இருந்தது. ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டுமென்று வேன் போய்விட்டிருந்தது. அந்த வறுவலை ஒரு வாரம் நாங்களே தின்றோம். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

5.

இனி வருவது எதிலும் நான் இல்லை.

மறுநாள் வேன்காரர் செல்வின் பாத்திரங்களைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். அவர் நாகர்கோவில்காரர். எல்லாம் காலி. கழுவித் துடைத்திருந்தது. காலிப் பாத்திரம் சாப்பிட்டதாகவும் இருக்கலாம், கொட்டியதாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் கழுவின பாத்திரத்தைச் சாட்சியாக ஏற்க மாட்டோம்.

"வழியில எங்க நிறுத்தினீங்க அண்ணே?"

"ஆரல்வாய்மொழி தாண்டி, காத்தாடி சுத்துமே, அங்க. கூடையைத் தொறந்தாவ."

"தொறந்து?"

"அந்தப் பெரியவரு பக்கத்துக் கடையில சிப்ஸ் உண்டான்னு கேட்டாரு. இல்லன்னுட்டான்."

"எங்கக்கா?"

"அந்தப் பிள்ளைதான் மொதல்ல எறங்கிச்சு. அவசரமா எறங்கிச்சு. பின்னாலயே மாப்பிள்ளைக்க அம்மா எறங்குனாவ."

"எறங்கி என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஃபோன் வந்துட்டு மக்ளே. ஓனரு. நான் அந்தப் பக்கமாப் போயிட்டேன்."

இதைவிட மோசமான சாட்சி ஒரு கதைக்குக் கிடைக்காது.

அக்காவைக் கேட்கலாமே என்பீர்கள். தினமும் பேசுகிறாள். "எல்லாம் நன்னாருக்குடி" என்கிறாள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அவள் அதைத்தான் சொன்னாள். அம்மா ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வைத்ததும் கேட்பாள்:

"வேற ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்லை."

6. முதல் முடிவு

காற்றாலைகளுக்குக் கீழே வேன் நிற்கிறது. பஞ்சாபகேசன் ஒவ்வொரு மூடியாகத் திறக்கிறார். பொரி. வெள்ளரிக்காய். "கல்யாணக் கூடையா, ஆஸ்பத்திரிக் கூடையா?" என்கிறார். சாதத்தைத் திறந்தால் பால் இன்னும் உறையவில்லை. ஸ்நேகா ரோட்டோரம் குனிந்து நிற்கிறாள். தர்மா மாமி பின்னால் வந்து நின்று, "உங்காத்துல எங்களை இவ்வளவுதான் மதிச்சா. நீயாவது—"

இதை மேலே எழுத முடியவில்லை. மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதுவது மிகவும் எளிது. பேனா தானாகவே ஓடுகிறது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

தர்மா மாமியைப் பற்றி என்னிடம் உண்மையில் இரண்டே தகவல்கள் இருக்கின்றன. ஒன்று, முதல் நாள் பந்தியில் சாம்பாரைத் தொட்டுவிட்டு, "இதுல எதுக்கு இவ்வளவு தேங்காய்?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். இரண்டு, சத்திரத்து முற்றம் நனைந்திருந்தபோது, அக்காவின் மடிசார்த் தலைப்பு ஈரத்தில் படாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மணைப்பலகை வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தாள். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும் என்று படித்திருக்கிறேன். மனிதர்களில் எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போகின்றன.

7. இரண்டாவது முடிவு

அதே இடம். தர்மா மாமி கூடையைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோகிறாள். "பாவம், வழியில யாருக்கும் வயத்துக்குப் படுத்தப்படாதுன்னு எவ்வளவு யோசிச்சுக் கட்டியிருக்கா!" பஞ்சாபகேசனுக்குச் சர்க்கரை இருப்பது நினைவுபடுத்தப்படுகிறது. எல்லோரும் ஏத்தம்பழம் சாப்பிடுகிறார்கள். அபிஜித் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவளுக்கு—

8.

இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் எழுத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. குரல் சன்னமாக வந்தது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இருக்கறதுல அவா ரொம்பப் பொல்லாதவா. ரெண்டாவதுல ரொம்ப நல்லவா, சோப்பு விளம்பரத்துல வர்றாப்பல."

"பின்னே எப்படி எழுதறது?"

"அது எனக்கென்ன தெரியும்? நீதானே எழுத்துக்காரி."

அம்மா இன்னொரு பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டுலயும் அவ வாயே தொறக்கலையே."

"யாரு?"

"உங்கக்காதான். எல்லாரும் பேசறா. அவளுக்கு நீ ஒரு வரிகூடக் குடுக்கலை."

நான் தாளைப் பார்த்தேன். ஆமாம்.

"நீயே அவளைக் கேட்டுடேம்மா. ஃபோன்லதான் தினமும் பேசறாளே."

"கேட்டு, 'ஆமாம்மா, சொல்லிக் காமிச்சா'ன்னுட்டாள்னா? அப்புறம் அதைக் கொண்டு நான் எங்க வெக்கறது?" என்றாள். பிறகு, "புளியோதரையும் கட்டியிருக்கலாம். ஒரு ஓரமா இருந்திருக்கும். எனக்கு அவ மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சா" என்றாள். நறுக்கிய பீன்ஸை மறுபடி நறுக்கினாள்.

9. மூன்றாவது முடிவு

சரி, அவள் பேசட்டும்.

காற்று பலமாக அடிக்கிறது. ஸ்நேகா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறாள். தர்மா மாமி தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாள். ஸ்நேகா சொல்கிறாள்: "எனக்கு வண்டி ஆகாது. அம்மா எனக்காகத்தான் அப்படிக் கட்டினா. உங்களைக் குறைச்சு மதிச்சு இல்லை."

எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்தேன். வாக்கியத்தில் தப்பில்லை. ஆனால் அது என் அக்காவின் குரல் இல்லை. அவள் பேச வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதில் கேட்டது. அவ்வளவுதான்.

[இங்கே நான்கு வரிகள் இருந்தன. மாமியின் பதில். எடுத்துவிட்டேன்.]

10.

மலர்க்காரர்கள் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது இதுதான்: அவித்தது நல்லது, பொரித்தது வேண்டாம். பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வண்டியில் எதையும் படிக்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். எல்லாம் சரியான தகவல்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு கூடை கட்டலாம். கூடை போய்ச் சேர்ந்த இடத்தில் அதை யார் திறக்கிறார்கள் என்பது அந்தத் தகவல்களில் இல்லை.

நான் முடிவு எழுதப்போவதில்லை. எந்த முடிவை எழுதினாலும் அம்மா அதை நம்பிவிடுவாள். அல்லது நம்பமாட்டாள். இரண்டுமே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று செய்ய முடியும். வேனில் கடைசி வரிசையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே உங்களை உட்காரவைக்கிறேன். நீங்கள் பிள்ளை வீட்டார் பக்கம். மாப்பிள்ளைக்கு ஏதோ ஒரு வகையில் அத்தையோ சித்தப்பாவோ. எங்களுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் யாரையும் கேட்காமல் கூடையைத் திறக்கலாம். யாருக்கு எதை முதலில் தருவது என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஒருவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்னால் ஜன்னலோரம் இருப்பவள்தான் அவள். புதுப்புடவை. கம்பியைப் பிடித்திருக்கிறாள். பின்கழுத்து வியர்த்திருக்கிறது. யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் திரும்பவில்லை. சிரிப்பது எதற்கென்று அவளுக்குத் தெரியும். மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் வேனை நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு முன்னால், தயவுசெய்து.

ஒரு இட்லி போதும். இல்லாவிட்டால் ஒரு கை பொரி. அவள் தோளைத் தொட்டு நீட்டுங்கள்.

வேண்டாம் என்பாள். முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பார்த்தால் நிஜமாகவே வேண்டாம்போல இருக்கும்.

இன்னொரு தடவை கேளுங்கள்.