ஒரே சம்பளம்

என் மனைவி யான்டினா எங்கள் வறுமையைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது எங்களிடம் உண்மையிலேயே வறுமை இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி பேச வேண்டாம். முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலை அவளுக்குப் போய்விட்டது. உருளைக்கிழங்கு மாவு ஆலையில் எனக்கு வரும் சம்பளம் மட்டும்தான். மாதக் கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கடுகுச் சாடியும் விளக்கும்தான் தெரியும். அதனால் வலைப்பூவுக்கு 'ஒரே சம்பளம்' என்று பெயர் வைத்தாள்.

பேசுகிற மாதிரியே எழுதினாள். காய்ந்த ரொட்டியை என்ன செய்வது, ஒரு தேநீர்ப் பையை எத்தனை கோப்பைக்கு இழுக்கலாம், ஹீட்டரைப் பதினைந்து டிகிரியில் வைத்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது. நெதர்லாந்தில், க்ரோனிங்கன் மாகாணத்தின் இந்தக் கிழக்கு மூலையில் காசில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். திரைச்சீலையைத் திறந்து வைத்து, ஜன்னலில் இரண்டு பூத்தொட்டி வைத்து, உள்ளே பட்டினி கிடப்பார்கள். இவள் சொன்னாள். அதனால்தான் படித்தார்கள். காசு இருக்கிறவர்களும் படித்தார்கள். எங்கள் நாட்டில் பணக்காரனுக்கும் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு.

பிறகு காசு வந்தது. யான்டினா ஒரு வாணலியைப் பற்றி எழுதுவாள். படித்தவர் அந்தப் பெயரைத் திரையில் தொட்டு, அப்படியே இணையக் கடைக்குப் போய் வாங்கினால், கடைக்காரன் இவளுக்குக் கமிஷன் தருவான். சிக்கனம் படிக்க வருகிறவர்கள் இவ்வளவு சாமான் வாங்குவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மூன்றாவது வருஷம் அவளுடைய வருமானம் என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்காக இருந்தது.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. மாறக் கூடாது. அதே சோபா, அதே துருப்பிடித்த கார். நல்ல ஓட்டலில் சாப்பிட வேண்டுமென்றால் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போவோம். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. அவள் வாங்கிய நல்ல கோட்டு ஒன்று காரின் பின்பெட்டியிலேயே இருந்தது. எல்லையைத் தாண்டியதும் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

கஞ்சத்தனம் என்று சொல்லமாட்டேன். அவள் சிறுமியாக இருந்தபோது கோர்ட்டு ஆள் வந்து வீட்டுச் சாமானை எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். "படிக்கிறவங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வரமாட்டாங்க" என்பாள். "வராத அன்னைக்கு நமக்கு யாரு சோறு போடுவா?"

என் வேலையைச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு லாரி லாரியாக வந்து இறங்கும். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அவற்றைத் தள்ளிக் கழுவுவார்கள். கல்லும் தண்டும் சேற்றுக் கட்டியும் இரும்புச் சல்லடையில் வந்து அடைக்கும். நான் அதைக் கொக்கியால் இழுத்து வெளியே போட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இழுத்திருக்கிறேன். வலது தோள் தேய்ந்துபோய், சட்டை போடுவதற்குச் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆலை மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கியவரைக்கும் பார்த்துவிட்டு, "இந்த வேலையை விடுங்க. இல்லேன்னா இந்தக் கையை விடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். யான்டினா போர்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறை மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"விட்டுட்டு?" என்றாள்.

"விட்டுட்டு வீட்ல இருக்கேன். உன் காசு இருக்குல்ல."

"ஒரே சம்பளம்னு பேரு வெச்சிருக்கோம் வுப்போ. அந்தச் சம்பளமே இல்லேன்னா?"

"உனக்கு வர்றது சம்பளம் இல்லையா?"

"அது பிளாக் எழுதி வர்றது."

"அப்ப நான் எதுக்குத்தான் வேலைக்குப் போறேன், சொல்லு."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். "நீ சேத்தோட வீட்டுக்கு வந்தாத்தான் நான் எழுதுறது நிஜம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. எழுந்து போய் எனக்குக் காபி போட்டாள், புதுத் தூளில்.

அந்தப் பருவம் முழுவதும் போனேன். அடுத்ததற்கும் போனேன். ஒரு நாள் காலை சல்லடையிலிருந்து ஒரு கல்லை இழுக்கும்போது கை பாதியில் நின்றுவிட்டது. வலிகூட இல்லை, கை மட்டும் வரவில்லை. இடது கையால் கொக்கியை மாட்டி வைத்துவிட்டு, ஃபோர்மேனிடம் போய், நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் நல்லவன். இரண்டு தடவை யோசிக்கச் சொன்னான். "நீயா விட்டா அரசாங்க உதவித்தொகைகூடக் கிடைக்காது, தெரியுமில்ல?" என்றான். தெரியும் என்றேன்.

யான்டினா கத்தவில்லை. என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நீயா விட்டேன்னு எழுத முடியாது" என்றாள்.

"எழுதாத."

"உன்னப் பத்தி எழுதலேன்னா கேப்பாங்க. வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னு எழுதறேன். ஆலை பேரு போடமாட்டேன்."

எனக்கு அப்போது தூக்கம்தான் வேண்டும். தோள் ஒரு தலையணையில் இருக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றேன்.

அதுவரை அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். பார்சல்கள் வந்தன. காலுறை, பட்டாணி சூப் டின், யாரோ வீட்டில் செய்த பிளம் ஜாம். பெயர் தெரியாத ஒரு கிழவி வாழ்த்து அட்டைக்குள் நோட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சைக்கிள் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்குள் வைக்கப் பிடிக்கவில்லை. யான்டினா ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நன்றி எழுதினாள். ஹீட்டரை இருபத்தொன்றில் வைத்தோம். டாக்டர் சூடு வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை கொர்னேலிஸ் வந்தான். சல்லடைக்கு அந்தப் பக்கம் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறவன். எனக்கு அங்கே நண்பன் என்றால் அவன்தான். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒரு கவரை நீட்டினான்.

"பிடி. இடைவேளையில உனக்காக வசூலுக்குத் தொப்பி சுத்துச்சு. எல்லாரும் போட்டாங்க. கஞ்சப்பய டிக்கோகூடப் போட்டான், நானே பாத்தேன். சில்லறையாத்தான் போட்டான், நோட்டு இல்ல."

"கொர்னேலிஸ், வேணாம்டா."

"வாய மூடு. ஃபோர்மேன் நாய் என்ன சொல்றான் தெரியுமா? நீயாத்தான் விட்டியாம். உனக்கு உதவித்தொகை கிடைக்கக் கூடாதுன்னு கட்டுற கதை. நாங்கதான் உன் வீட்டம்மா எழுதினதப் படிச்சோமே. ஒரு வாரமா அவன்கிட்ட ஒருத்தனும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அவன் காபியில உப்பு போட்டது யாருன்னு நான் சொல்லமாட்டேன்."

சிரித்தான். பிறகு கழுத்துப் பட்டனைக் கழற்றினான். "என்னடா, வீடு இவ்ளோ சூடா இருக்கு?"

நான் கவரை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எங்க வீட்ல பதினஞ்சுதான். உன் வீட்டம்மா எழுதுறது என் பொண்டாட்டி ஆல்ட்யாவுக்கு வேதம். சின்னவன் தொப்பி போட்டுட்டுத் தூங்குறான். காலைல எழுப்பினா மூக்கு மட்டும் செவப்பா இருக்கும்."

அதற்கு மேல் என்னால் அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே இழுத்து உட்காரவைத்துச் சொன்னேன். நானாகத்தான் விட்டேன். ஃபோர்மேன் சொன்னது நிஜம். எங்களுக்குக் காசு இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருக்கிறது. யான்டினா அடுப்பருகில் நின்றிருந்தாள். என்னைத் தடுக்கவில்லை.

கொர்னேலிஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எழுதின அந்தப் பதினஞ்சு டிகிரி? குளிரு?"

"முன்னாடி நிஜம்" என்றாள் யான்டினா. "எல்லாமே ஒரு காலத்துல நிஜம்தான்."

அவன் எழுந்து என்னை ஒரு அறை விட்டிருந்தால் வாங்கியிருப்பேன். ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். அவன் கவரை எடுத்து, உள்ளே பார்க்காமல் கோட்டுப் பையில் வைத்தான்.

"எவ்ளோ வருது?" என்றான்.

"எது?"

"எழுதினா. மாசத்துக்கு."

யான்டினா சொன்னாள். அவன் உதடு அசைந்தது, மனசுக்குள் எதையோ பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறும் எழுதியா?"

"வெறும் எழுதி இல்ல. தினமும் எழுதணும். எந்தத் தலைப்ப மக்கள் தேடுறாங்கன்னு பாக்கணும். உழைப்புதான்" என்றாள் அவள், கொஞ்சம் ரோஷமாக.

"ஆல்ட்யா பள்ளிக்கூடத்துல கட்டுரை நல்லா எழுதுவாளாம்" என்றான் கொர்னேலிஸ். "யான்டினா, நீங்க அவளுக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?"

என் வீட்டில் பொய் சொன்னவர்களை அவன் விசாரிக்கவில்லை. அந்தப் பொய்யில் தன் வீட்டுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டான். அவ்வளவுதான். கிளம்பும்போது, "பசங்ககிட்ட நீ வாங்கமாட்டேன்னுட்டேன்னு சொல்லிடறேன். ரோஷக்காரன்னு சொல்றேன்" என்றான்.

"ஃபோர்மேன்?"

"அவன் கெடக்கான்" என்றான். "இதெல்லாம் வெளிய தெரிஞ்சா உங்க தொழில் என்னாவுறது?"

அதைத் தொழில் என்று அவன்தான் முதலில் சொன்னான்.

வசந்த காலத்தில் யான்டினா இணையத்தில் வகுப்பு ஆரம்பித்தாள்: வீட்டிலிருந்தபடி எழுதிச் சம்பாதிப்பது. கமிஷனைவிட அதில் அதிகம் வருகிறது. ஆல்ட்யாவிடம் பாதிக் கட்டணம்தான் வாங்கினாள். அதைச் சும்மா விட்டிருக்கலாம் என்றேன். சும்மா கிடைத்தால் மதிக்கமாட்டார்கள் என்றாள். ஆலையிலிருந்து இன்னும் இரண்டு பேருடைய மனைவிகளும் சேர்ந்தார்கள். என் தோள் கொஞ்சம் தேவலை. சட்டையை நானே நின்றபடி போட்டுக்கொள்கிறேன். காலையில் கால்வாய் ஓரம் நடக்கும்போது வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் வந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

போன வாரம் கொர்னேலிஸ் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். யான்டினா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வகுப்புல உன் வீட்டம்மா ஆல்ட்யாவக் கேட்டாங்களாம். உங்ககிட்ட மட்டும் இருக்கிறது என்ன, அதப் பத்தி முதல்ல எழுதுங்கன்னு. ரெண்டு நாளா யோசிக்கிறோம். எங்ககிட்ட என்னடா இருக்கு?"

"அவரு கையப் படம் எடுத்துப் போடச் சொல்லு" என்றாள் யான்டினா, மாவிலிருந்து தலை தூக்காமல்.

கொர்னேலிஸுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. வெட்டும் இயந்திரத்தில் போனவை. ஆலையில் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. காபி குடிக்கும்போதும் அந்தக் கையை மேசைக்குக் கீழேதான் வைத்திருப்பான். அவனுடைய கல்யாணப் படத்திலும் அந்தக் கை ஆல்ட்யாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றே இருந்தது எனக்கு.

"வுப்போ" என்றான். "கேளேன் அவங்கள. உள்ளங்கை தெரியணுமா, புறங்கையா?"