எனக்குத் தெரிந்த மூன்று வலிகள்

"பிரெஞ்சு என்ன பெரிய கம்பசூத்திரமா? முப்பதே பாடம்!" என்று பீற்றிக்கொண்டுதான் மனைவியை இந்த ஊருக்கு அழைத்துவந்தேன். கடையில் அவள் வாயைத் திறந்தாலே, "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்" என்று அடக்கிவிடுவேன்.

இன்று காலை மருத்துவரிடம் போனோம். "படியேறினா நெஞ்சை அடைக்குது, சொல்லுங்க" என்றாள். என் முப்பது பாடப் புத்தகத்தில் இருந்ததோ மூன்றே வலிகள்: தலைவலி, பல்வலி, வயிற்றுவலி.

நான் விழிப்பதைப் பார்த்த மருத்துவர் ஃபோனைக் காட்டி, "மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனைவி முன்னால் என்னிடம் கேட்கிற கேள்வியா அது! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நோயாளிக்குத் தலைவலி என்றேன். பிசிறில்லாத உச்சரிப்பு. அவர் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"எவ்வளவு அழகா பேசுறீங்க!" என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டே வந்தாள்.

வீடு மூன்றாம் மாடியில். பாதிப் படியில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்" என்றேன். தமிழ் அல்லவா, கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.