சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு வாளி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தஞ்சாவூரிலிருந்து பொறியாளர் யுவன், ஊராட்சித் தலைவர் ராஜராஜன், மேஸ்திரி வீரமணி, புது வீடு கிடைக்கப்போகும் குடும்பங்களின் தலைவர்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் நடவுக்குப் போயிருந்தார்கள்.

யுவன் நல்ல பிள்ளை. மண்கல் சுவர், ஓட்டுக்கூரை, வெக்கை தங்காத வீடு என்று வரைந்துவந்ததோடு, "குடியிருக்கப் போறவங்க நீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்கவும் செய்தான்.

வீடு கிடைக்கப்போகிறவர்களில் மாரியப்பன்தான் முதலில் எழுந்தான். "முன்னாடி அகலமா தாழ்வாரம் வேணும் தம்பி. வண்டி நிறுத்தணும்."

குளியலறையை எடுத்தால்தான் இடம் வரும் என்றான் யுவன்.

"எடுத்துருங்க. வாய்க்கால் ஓடுதுல்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

சில நாள் கழித்து, யுவனும் ராஜராஜனும் பக்கத்தில் நிற்க, மாரியப்பனின் மனையில் வீரமணி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டான். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். நடவிலிருந்து சேற்றுக்காலோடு வந்த அவன் மனைவி கனகா, கோட்டுக்குள் நடந்து பார்த்தாள்.

"குளிக்கிற ரூம் எங்க?"

"வாய்க்கால் இருக்கே" என்றான் மாரியப்பன்.

"மேட்டூர்ல தண்ணிய நிறுத்திட்டா?"

"கொல்லையில குளிச்சுக்க."

கனகா மேஸ்திரியின் வாளியை எடுத்துப்போய்க் கோட்டுக்கு வெளியே, கொல்லையில் வைத்தாள். பக்கத்திலேயே ரோடு. "இங்கதானே? குளிக்கிறேன்" என்றவள், நடவுக்காகப் புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

ராஜராஜன் சட்டென்று திரும்பிக்கொண்டார். வீரமணி தரையைப் பார்த்தான். யுவன் வரைபடத்துக்குள் முகத்தைப் புதைத்தான்.

"என்ன தலைவரே, மேல்சட்டைக்கே திரும்பிட்டீங்க? ரோட்டுல போறவனெல்லாம் தினமும் இப்படித் திரும்பிக்குவானா?"

மாரியப்பன் மட்டும் அவளைப் பார்த்தபடி நின்றான். இத்தனை வருஷமாக அவள் இருட்டில் எழுந்துபோய், புடவையோடு முங்கி, ஈரத்தோடு திரும்பியது ஏன் என்று அவன் யோசித்ததே இல்லை. தாழ்வாரக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தான்.

"ஏம்ப்பா, அப்ப வண்டி?" என்றார் ராஜராஜன்.

"நனையட்டும் தலைவரே. வண்டிக்கு வெக்கமில்ல."

"எல்லாரையும் கேட்டுத்தானே வரைஞ்சேன்" என்று முனகினான் யுவன்.

"எல்லாரையும் கேக்கல தம்பி, ஆம்பளைங்க எங்களத்தான் கேட்டீங்க" என்றான் மாரியப்பன். " நானும் அவளுக்கும் சேத்துப் பேசிட்டேன். வீட்டுல வாழப்போற ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க வாயால சொல்லவிடாம, எந்த மண்ணுல கட்டினாலும் அது நல்ல வீடாகாது."

மறுநாள் அஸ்திவாரம் தோண்டவில்லை; கூட்டம் வயல் வரப்பில் நடந்தது. பெண்கள் சொல்லச் சொல்ல, யுவன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினான்.

சித்திரையில் வாய்க்கால் காய்ந்தபோது வீடு முடிந்திருந்தது. கொல்லையில் வாழை, குளிக்கும் தண்ணீருக்காகக் காத்திருந்தது. பட்டப்பகலில் கனகா வாளியோடு குளியலறைக்குப் போனாள்.

"சீக்கிரம் வா, சோறு போடணும்" என்றான் மாரியப்பன்.

"போட்டுத் தின்னுங்க. நான் மெதுவாத்தான் வருவேன்."

கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.