லாந்தர் வீரன் எத்தனை முறை விழுந்தான்

1.

இந்தக் கதை ஒரு போட்டோஸ்டாட் தாளில் இருந்து வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசம் முடிந்து மோர் வருவதற்குள் சாந்தினி அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். தாள் முழுக்கக் கோடுகள். நாலு நெட்டைக் கோடு, அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கோடு. மறுபடி நாலு, மறுபடி ஒரு குறுக்கு.

"எங்கப்பா போட்டது சார். நைன்டீன் நைன்டி ஃபோர். நீங்க கதை எழுதுறவரு தானே, எழுதுங்க லா."

இது என் நான்காவது முயற்சி. முதல் மூன்றிலும் ஒரு பொய் இருந்தது. அது எங்கே இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

2.

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்:

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு— [வேண்டாம். எல்லார் கதையிலும் பெய்தாகிவிட்டது.]

உலகத்திலேயே மட்டமான வீடியோ கேமை ஒரு மனிதர் தன் மகளுக்கு ஆசை ஆசையாக— [இது அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் போதும்.]

சரி, நேராகவே வருகிறேன். பண்டமாரானில் தம்புசாமி என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலில் இருந்து மூட்டை இறங்க இறங்க அட்டையில் கோடு போடுவது அவர் வேலை. நாலு மூட்டைக்கு நாலு கோடு. ஐந்தாவதற்கு, அந்த நாலின் மேல் ஒரு குறுக்கு. மூட்டை தரையைத் தொடாமல் கோடு போடமாட்டார். "கொக்கியில தொங்குற மூட்டை மூட்டையே இல்லை" என்பார். முத்திரை இல்லாத சரக்கை அவர் நம்பியதும் இல்லை. வீட்டுக்குப் பேனா வாங்கினால்கூட அசல்தானா என்று மூடியைத் திருப்பிப் பார்க்கிற ஆள்.

அவருடைய ஒரே மகள் சாந்தினி. ஆறாம் வகுப்புச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தால் கேம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எடுத்துவிட்டாள்.

3.

அவள் கேட்டது லாந்தர் வீரன். [பெயரை மாற்றியிருக்கிறேன். இரண்டு கம்பெனிகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எல்லாமே கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் நிம்மதி.] கையில் விளக்கோடு ஓடுகிற அந்தச் சின்னப் பையன், பெரிய கம்பெனி ஒன்றின் செல்லப்பிள்ளை. அந்தக் கம்பெனி எதிர்க் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, பாதியில் முறித்துக்கொண்டு, ஈடாகத் தன் நாயகனை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டது. எதிர்க் கம்பெனிக்குக் கேம் செய்து பழக்கமில்லை. தன்னுடைய டிஸ்க் மெஷினில் அவனை ஓடவிட்டது. பாவம், அவன் நொண்டினான்.

இது எதுவும் தம்புசாமிக்குத் தெரியாது. கிள்ளானில் ஒரு கடைக்குப் போனார். எல்லாரும் விளையாடுகிற மெஷினுக்கு அங்கே இருந்த கேசட் எல்லாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைக்கிற அதே நகல் சரக்கு. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லைசன்ஸ் உள்ளது இருக்கா தம்பி?"

சேல்ஸ்மேன் மேல்தட்டில் இருந்த டிஸ்க் மெஷினைக் காட்டினான். பெட்டியில் அதே நாயகன். ஓரத்தில் பளபளவென்று லைசன்ஸ் முத்திரை. தம்புசாமி அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மனசு குளிர்ந்துபோயிற்று.

4.

விடுமுறையில் சாந்தினியின் தோழிகள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். அடுப்படியில் தம்புசாமி தன் கையாலேயே சிரப் தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் டிஸ்க் சுழன்றது. லாந்தர் வீரன் திரையில் வந்து வாயைத் திறந்தான்.

"ஐயோ, என்னடி இது! பல்லு புடுங்கிட்டு வந்தவன் மாதிரி பேசுறான்!"

ரிமோட்டை அழுத்தினால் அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். குதித்த இடத்தில் பள்ளம். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் சாந்தினியின் குரல் கேட்டது.

"எங்கப்பாவுக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாது லா."

தம்புசாமி கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். முப்பது வருஷத்தில் அவர் அட்டையில் ஒரு கோடு தப்பியதில்லை. அன்றைக்கு வலித்தது, சொல்ல முடியாத அளவுக்கு வலித்தது. இருந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குச் சிரப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அதன்பிறகு சாந்தினி அந்த மெஷினைத் தொடவில்லை. அவரிடம் முகம் கொடுத்தும் பேசவில்லை.

"கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி தங்கமணி.

"பெட்டியோட நிறுத்தி இது மட்டம்னு சொல்லக்கூடாது. முழுசா எறக்கிப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

5.

இங்கே நான் மூன்று தடவை சறுக்கினேன். பழைய பிரதிகளில் அந்தச் சேல்ஸ்மேனுக்குத் தங்கப்பல் வைத்தேன், ஒன்றில் நாக்கில் பொய்யை வைத்தேன். அவன் பொய் சொல்லவே இல்லை. "அதே ஆளுதான் அங்கிள், லைசன்ஸும் இருக்கு" என்றான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த மெஷின் ஆறு மாதமாகத் தட்டில் கிடந்ததையும், வாங்கிப்போன ஒரே ஆள் மறுநாளே திட்டிக்கொண்டு வந்ததையும் மட்டும் விட்டுவிட்டான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆமாம், நான்தான். சாந்தினிக்கு இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். மோர் வந்தபோது சொல்ல வாயெடுத்தேன், குடித்துவிட்டேன்.

6.

தம்புசாமி தினமும் காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, விபூதி பூசி, மெஷின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் டேலி அட்டை. லாந்தர் வீரன் விழுந்தால் ஒரு கோடு. ஐந்தாவது முறை விழுந்தால் குறுக்கு. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நூறு கோட்டுக்குப் பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தார். ரிமோட் தாமதிக்கிறது, ஆனால் எப்போதும் ஒரே அளவுதான் தாமதிக்கிறது. கிரேன்காரன் கொக்கியை விடுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே கை தூக்குகிற மாதிரி, பள்ளம் வருவதற்கு முன்னாலேயே அழுத்தினார். வீரன் தாண்டினான்! இருநூறு கோட்டுக்குப் பிறகு பின்னால் இருந்த படங்களைக் கவனித்தார். மலை, குகை, மூங்கில் பாலம், எல்லாம் யாரோ உட்கார்ந்து கையால் தீட்டியவை.

"நல்லாத்தான்மா வரைஞ்சிருக்கான்," என்றார். மகளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

சாந்தினி புத்தகத்துக்குப் பின்னால் இருந்தாள். ஒரு வாரமாக அதே பக்கம்தான்.

முன்னூற்று நாற்பதாவது முறை விழுந்தபோது தலையைத் தூக்காமலே சொன்னாள். "அந்தக் கயிறு இல்லைப்பா. பச்சைக் கயிறு."

பச்சைக் கயிற்றைப் பிடித்தார். கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே கடைசிப் பூதம் நின்றது.

இந்த மனிதரை எப்படிப் பாராட்டுவது? ஊரே தூக்கி எறிந்த ஒன்றை, அதைச் செய்தவர்களே பொறுமையாகப் பார்த்திருப்பார்களோ என்னவோ, அவர் முழுசாகப் பார்த்தார். நான் விற்றது குப்பைதான். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது குப்பை இல்லை.

7.

முடிவு, முதல் வகை: பூதம் செத்தது, இருவரும் கட்டிக்கொண்டு— [நம்பமாட்டீர்கள்.]

இரண்டாவது வகை: தோற்றார்கள், ஆனாலும் அன்பு— [நானே நம்பவில்லை.]

என்னிடம் இருப்பது இந்தத் தாள் மட்டும். கடைசி வரிசையில் கோடுகளின் சாய்வு மாறுகிறது. தம்புசாமியின் கோடு செங்குத்தாக நிற்கும். கடைசி நாலும் வலப்பக்கம் சாய்ந்து, அவசரமாக, ஒரு பன்னிரண்டு வயதுக் கை போட்டவை. அப்படியென்றால் ரிமோட் அப்போது அவர் கையில் இருந்தது, அட்டை அவள் மடியில் இருந்தது. இல்லை, ரிமோட்டும் அவளிடமே இருந்திருக்கலாம்.

நாலு கோடு. குறுக்குக் கோடு இல்லை.

"அப்போ அஞ்சாவது தடவை ஜெயிச்சிட்டீங்களா? இல்லை, அதோட விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

சாந்தினி இலையை மடித்தாள். "மூட்டை இன்னும் கொக்கியிலதான் சார் தொங்குது. எழுதுறவரு நீங்க, நீங்களே சொல்லுங்க." எழுந்தவள் நின்றாள். "அப்பா உங்களை விசாரிச்சாரு. கடையில இருந்த தம்பி இப்ப கதை எழுதுறானாமே, அவன்கிட்ட குடுன்னு சொல்லித்தான் இதை அனுப்புனாரு."

பேனா மேசையில் கிடக்கிறது. குறுக்குக் கோடு போட எனக்குக் கை வரவில்லை. நான் போடக்கூடாது. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்.