அருவிக் காய்ச்சல்

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவனுக்கு நிஜமாக உடம்புக்கு முடியாமல் போகக்கூடாது. கரடியாகக் கத்தினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சாரல் மாதங்களில் போடுகிற லீவுக்கு எங்கள் ஆபீசில் அருவிக் காய்ச்சல் என்றே பெயர். நானும் ஒன்றிரண்டு தடவை அந்தக் காய்ச்சலில் படுத்தவன்தான். புலி வருது என்று எல்லோரும் கத்திக் கத்தி, கடைசியில் நிஜப் புலி வந்தது எனக்கு.

நான் குமரகுரு. நகைக்கடன் கொடுக்கிற கம்பெனியில் லாக்கர் சாவி என் பொறுப்பு. இந்த ஆனியில் எனக்குத் தூக்கம் போயிற்று. காரணமே இல்லாமல் பாத்ரூமில் நின்று அழுதேன். லாக்கரைப் பூட்டினேனா என்று நாலு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தேன். மருந்து எழுதிவிட்டு, இரண்டு வாரம் ஓய்வு தேவை என்று மட்டும் பொது ஆஸ்பத்திரித் தாளில் சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

"முடியலைங்கிறதுக்கு அத்தாட்சி அவங்க கேக்கலாம். என்ன சீக்குன்னு நீங்க சொல்லணும்னு இல்ல" என்றார்.

என்ன சீக்கு என்பதை ஸ்ரீதேவியிடம் மட்டும் சொன்னேன். என் மனைவி. வெளியே மூச்சுவிடக் கூடாது என்றேன். பண்பொழி முருகன்மேல் சத்தியம் செய்தாள்.

மேனேஜர் தாணுமாலயன் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னவே, வெறும் ஓய்வுன்னு போட்டிருக்கு? ஐந்தருவி ஓய்வா, பழைய குற்றாலமா?"

பக்கத்து மேசை இசக்கிராஜா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சீட்டு கேட்டிய, குடுத்துட்டேன் சார். என்ன சீக்குன்னு சொல்ல மாட்டேன். கேக்க உங்களுக்கு உரிமை கிடையாது."

"அப்போ சம்பளம் கிடையாது. வந்து மெமோவ வாங்கிக்கிடும்" என்றார். சரிதான் போ என்று வீட்டுக்கு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு முதுகெலும்பு இருப்பதாகத் தோன்றியது.

ஓய்வு முடிந்து போன அன்று, மெமோவை எதிர்பார்த்துக் கேபினுக்குள் நுழைந்தேன். தாணுமாலயன் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது.

"லீவெல்லாம் சம்பளத்தோட போட்டாச்சு. மெமோ கிடையாது. உடம்பப் பாத்துக்கிடும். சாவி மட்டும் இனிமே இசக்கிராஜாட்ட இருக்கட்டும். உமக்கு எதுக்கு டென்ஷன்?"

"யாரு சார் சொன்னா?"

"உங்க வீட்டம்மாதான் வந்து மருந்துச் சீட்டக் காட்டினாங்க. பாவம், அழுதுட்டாங்க. எனக்கும் மனசு கேக்கல."

வெளியே வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அருவி என்ற பேச்சையே காணோம். இழவு வீட்டில் பேசுவதுபோல் தணிந்த குரலில் பேசினார்கள். இசக்கிராஜா என் மேசைக்கு வந்து, "எங்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, பேப்பர் வெட்டுகிற கத்திரிக்கோலைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. மேனேஜர் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்ரீதேவியைக் கேட்டேன்.

"அங்க போனியா?"

அவள் மறைக்கவில்லை.

"போனேன். குளிக்கதுக்கு லீவு போட்டுட்டு டாக்டர் சீட்டு வாங்கியிருக்காருன்னு ஊர் பூரா பேசுதாவ. கடைத்தெருவுல வச்சு இசக்கிராஜா பொண்டாட்டி எங்கிட்டயே கேக்கா. உங்களப் பொய்யன்னு சொன்னா எனக்குத் தாங்குமா? நிஜமாவே முடியலன்னு காட்டத்தான் போனேன்."

"பொய்யனாவே இருந்திருப்பேன்லா! பொய்யன்ட்ட சாவி இருந்துதே!"

"சம்பளம் போட்டாங்கல்லா? நம்பிட்டாங்கல்லா?"

"நம்பிட்டாங்க" என்றேன். "நல்லா நம்பிட்டாங்க. சத்தியம் பண்ணினியே ஸ்ரீதேவி."

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னைக் கொண்டுபோய் ஊர் நடுவில் துணியில்லாமல் நிறுத்திவிட்டு, குளிருதா என்று கேட்கிறாள் என்றுதான் தோன்றியது. என் மானத்தைக் காப்பாற்றப் போனவள் அவள். அதனாலேயே அவளைத் திட்டக்கூட வழியில்லை.

சாப்பிட்டு முடித்து அலமாரியைத் திறந்தேன். மாத்திரை அட்டையைக் காணவில்லை.

"மருந்து எங்க?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

"நான் எடுத்துத் தாரேன். மொத்தமா உங்க கையில குடுக்க வேண்டாம்னு உங்க மேனேஜர் சார் சொன்னாரு."

உள்ளே போனாள். பீரோவைத் திறந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். நான் விழுங்குகிறவரை நின்று பார்த்தாள்.