பதினொரு புள்ளிக் கெண்டை

எங்கள் அருங்காட்சியகத்தின் மீன் அறையில் ஒன்பதாயிரம் ஜாடிகள் இருக்கின்றன. அவற்றில் பாதி ஜாடிகளில் உள்ள மீன்களின் செதில்களை எண்ணியவள் நான்தான். பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. உடம்பின் நடுவே ஓடும் பக்கக்கோட்டில் எத்தனை செதில், முதுகுத் துடுப்பில் எத்தனை முள், வாயோரத்தில் மீசை உண்டா இல்லையா, உண்டென்றால் இரண்டா நான்கா. கெண்டை இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ண வேண்டும். நிறத்தை நம்பினால் அம்போதான். மீன் கெடாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலினில் ஒரு மாதம் கிடந்தால் எல்லா மீனும் ஒரே பழுப்பு.

எண்ணுவது நான், எழுதுவது இயக்குநர். இதுவரை முப்பத்தொரு கட்டுரைகள். எதிலும் என் பெயர் கிடையாது. கடைசிப் பக்கத்தில் "செதில் எண்ண உதவிய ஊழியருக்கு நன்றி" என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும். ஒரு தடவை அந்த வரியும் காணாமல் போய், ஜீப் கொடுத்த துறைக்கு நன்றி சொல்லியிருந்தார். நான் நேரே போய்க் கேட்டேன்.

"இடமில்லம்மா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நான் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிற ஜென்மம் இல்லை.

இயக்குநருக்கு எங்கள் கட்டடத்தில் 'லத்தீன்' என்று பெயர். மழை வருமா என்று கேட்டால்கூட இரண்டு லத்தீன் சொல் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைப் பார்ப்பார். அவர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது ஒரு காலையில் பிளாஸ்டிக் கூடையோடு என் மேசைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். கூடை நிறையச் சின்னக் கெண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் கரும்புள்ளிகள்.

"பாத்தியாம்மா? இந்தக் கெண்டையில புள்ளி பாத்திருக்கியா நீ? புதுசும்மா இது, புத்தம்புதுசு!"

"எங்க கிடைச்சது சார்?"

"சந்தையில. அந்த மீன்காரம்மா காசே வேணாம்னுட்டாங்க. கூடையோட தூக்கிக் குடுத்துட்டாங்க. படிச்சவங்க மேல ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை பாரு!"

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தார். "கட்டுரையை நீ எழுது. உன் பேருதான் முதல் பேரு. மீனுக்கு மட்டும் என் பேர வச்சிடு."

விஷயம் இதுதான். புது உயிரினத்தைக் கண்டுபிடிப்பவர்கள் அதற்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. விதி தடுக்கவில்லை, வெட்கம் தடுக்கிறது. முப்பது வருடமாக லத்தீன் அந்த வெட்கத்தைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒருவராவது இவர் பெயரை ஒரு மீனுக்கு வைப்பார் என்று ஜாடை காட்டிப் பார்த்தார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது அவருக்கு நான் வேண்டியிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினான்கு வருடம் எண்ணியதற்கு முதல்முறையாக என் பெயர் அச்சில் வரப்போகிறது, அதுவும் முதலில். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை எடுக்காமலே, "அப்ப இனிமே அந்த ஃபார்மலின் நாத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்றார்.

பாதி மீனை ஃபார்மலினில் போட்டேன், மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தேன். எண்ண உட்கார்ந்தேன். பக்கக்கோட்டுச் செதில், முதுகு முள், மீசை எல்லாமே சாதாரணக் குளத்துக் கெண்டையோடு அச்சு அசலாகப் பொருந்தின. புள்ளி ஒன்றுதான் வித்தியாசம். சரி, புள்ளியை எண்ணுவோம் என்று பார்த்தால் முதல் மீனுக்கு இடப்பக்கம் பதினேழு, வலப்பக்கம் நாலு. இரண்டாவதற்கு மொத்தமே மூன்று. அடுத்ததற்கு முப்பத்திரண்டு.

"சார், ஒண்ணுக்கொண்ணு சேர மாட்டேங்குது."

"சராசரி போடும்மா."

போட்டேன். பதினொன்று வந்தது. அன்றைக்கே அவர் மீனுக்குப் 'பதினொரு புள்ளிக் கெண்டை' என்று செல்லப்பெயர் வைத்து, வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு வரையச் சொல்லி ஓவியரையும் கூப்பிட்டுவிட்டார். பதினொரு புள்ளி உள்ள மீன் கூடையில் ஒன்றுகூட இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் ஒரு மீனின் கண்மணியை ஒட்டியே ஒரு புள்ளி இருந்ததைப் பார்த்தேன். அதையும் சொன்னேன்.

"கண்ணுலயுமா? அதுதாம்மா விசேஷம்!" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் கடிகாரத்துக்குள் விடுகிற மெல்லிய ஊசி ஒன்றை வாங்கிவந்து, நுண்ணோக்கியின் அடியில் ஒரு புள்ளியை மெதுவாகக் கீறினேன். கறுப்புக்கு உள்ளே வெள்ளையாக ஒரு குட்டி உருண்டை. அதையும் பிரித்தேன். சுருண்டு படுத்திருந்தது ஒரு புழு.

அடுத்த புள்ளியிலும் புழு. அதற்கடுத்ததிலும் புழு.

பக்கத்து அறையில் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்கிறவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் புழுக்காரர் என்போம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கொண்டுபோன கண்ணாடித் தட்டை எட்டிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இது முதல்ல நத்தைக்குள்ள வளரும். அப்புறம் தண்ணியில நீந்தி வந்து மீன் தோலைத் துளைச்சு உள்ள படுத்துக்கும். மீன் உடம்பு அதைச் சுத்திக் கறுப்பா ஒரு மூடி போட்டுடும். கொக்கு அந்த மீனைத் தின்னா, கொக்கு வயித்துல போய்ப் பெரிசாகும். உங்க மீன் புது இனம் இல்லம்மா. சீக்கு மீன்."

மீன்காரம்மா ஏன் காசு வாங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விற்காது என்று கழித்துப் போட்ட கூடை அது.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் அச்சில் வரும். யாராவது ஊசியால் கீறிப் பார்க்கப் பல வருடம் ஆகலாம். வாயைத் திறந்தால், மறுபடியும் "உதவிய ஊழியர்". ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கட்டுரையில முதல் பேரு யாருது?" என்றார்.

"என்னோடது."

"அப்ப திட்டும் முதல்ல யாருக்கு விழும்?"

பிறகு, வேலை முடிந்ததும் ஊசியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

காலையில் லத்தீனின் அறைக்குப் போய் நுண்ணோக்கியை அவர் மேசையிலேயே வைத்தேன். "பாருங்க சார்" என்றேன். பார்த்தார். நான் இன்னொரு புள்ளியைக் கீறினேன். அதையும் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஐயோ பாவம் என்று இருந்தது எனக்கு. முப்பது வருட ஆசையை ஊசியால் கீறிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "அந்தப் புழு," என்றார், மெல்ல. "அது புதுசா?"

என் பரிதாபம் அந்த நிமிஷமே ஆவியாகிப் போனது.

புழுக்காரரிடம் கேட்டேன். குட்டிப் புழுவை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது, வளர்ந்த புழு வேண்டும் என்றார். பிறகு எழுந்து அலமாரியைக் குடைந்து, எட்டு வருடமாகப் பெயரில்லாமல் கிடந்த ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். ஏதோ ஒரு குளத்தோரம் செத்துக் கிடந்த கொக்கின் வயிற்றில் எடுத்தவை. குளிர்பெட்டி மீனிலிருந்த குட்டிகளின் மரபணுவையும் குப்பிப் புழுக்களின் மரபணுவையும் ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றே. ஏற்கனவே பெயர் பெற்ற எந்தப் புழுவோடும் சேரவில்லை. புத்தம்புதுசு.

"நீங்களே முதல் பேரு போட்டுக்குங்க" என்றார் புழுக்காரர். "எட்டு வருஷமா நான் தூங்கிட்டிருந்தேன். கீறிப் பாத்தது நீங்கதானே?"

லத்தீனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "புழுவுக்கு என் பேருதானே?"

"உங்க பேருதான் சார். உங்களுக்குப் பொருத்தமாவே இருக்கும்."

பிரிவுபசார விழா அன்று வரவேற்பறைச் சுவரில் மீனைக் காணோம். ஓவியர் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டு, புழுவை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார். மாலை போட்டுக்கொண்டு லத்தீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மைக் முன் நின்று, கட்டுரையிலிருந்து என் பெயரை முதலில் வாசித்தேன். பிறகு புழுவின் குணங்களை வாசித்தேன்.

"இது தானாக இரை தேடுவதில்லை. உழைக்கிற இன்னொன்றின் உடம்பில் இடம் பிடித்துக்கொள்ளும். பல காலம் அசையாமல் அங்கேயே இருக்கும். இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளியை மட்டும் விட்டுவைக்கும்."

பின்வரிசையில் கணக்குப்பிரிவு ஆட்கள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். புழுக்காரர் கூரையைப் பார்த்தார். லத்தீன் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார், உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் கட்டுரையின் பிரதியோடு என்னிடம் வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் வைத்திருந்தார். அங்கே பொடி எழுத்தில், 'மீன்களைக் கூடையோடு இலவசமாகக் கொடுத்த சந்தை மீன்காரம்மாவுக்கு நன்றி' என்று இருந்தது.

"எல்லாம் பிரமாதம்மா. ஆனா கூடையைச் சுமந்துட்டு வந்தவன் நான். எனக்கு ஒரு வரி நன்றி போட்டிருக்கலாமே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன்.

"இடமில்ல சார்" என்றேன்.